பெரியப்பாவா ஃபீஸ் கட்டப் போறாரு?

சியாட்டில் பக்கத்துல சம்மாமிஷ்ல இருந்து ஒரு அம்மா போன வாரம் கால் பண்ணாங்க. பொண்ணு பத்தாவது, அடுத்த வருஷம் ரன்னிங் ஸ்டார்ட்ல, அதாவது ஸ்கூல்ல இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ்ங்கற உள்ளூர் ரெண்டு வருஷ காலேஜ்ல படிக்கற திட்டத்துல, சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. நியூஜெர்சி பெரியப்பா "கம்யூனிட்டி காலேஜா, நம்ம வீட்டுப் பொண்ணா?"ன்னு கேட்டுட்டாராம், அதுலேர்ந்து வீட்ல தூக்கம் இல்ல. அவர் பசங்க பத்து பத்து ஏபி (ஸ்கூல்லயே நடத்தற காலேஜ் லெவல் பாடம்) எடுத்து ஐவி லீக் போனவங்களாம்.

டென்ஷன் ஆகாதீங்க மேடம்னுதான் ஆரம்பிச்சேன், ரெண்டு நிமிஷத்துல எனக்கே கடுப்பாயிடுச்சு.

ஏபி பத்தி உங்க வாட்ஸப் குரூப்ல இல்லாததை நான் சொல்லப் போறதில்ல, விடுங்க. ரன்னிங் ஸ்டார்ட்டைப் பாருங்க. வாஷிங்டன் ஸ்டேட்ல 1990ல சட்டமா வந்தது, 11, 12 படிக்கற பசங்க கம்யூனிட்டி காலேஜ்ல போய் நெஜ காலேஜ் கிளாஸ்ல உக்காரலாம், டியூஷன், அதாவது காலேஜ் படிப்புக் கட்டணம், கிடையாது. புக்ஸ், சில்லறை ஃபீஸ், போக்குவரத்து நம்ம செலவு. அளவுக்கு மேல கிளாஸ் எடுத்தா மட்டும் டியூஷன் நம்ம தலைல விழும். ஒரு குவார்ட்டர்ல, அதாவது சுமார் மூணு மாசத்துல, முடியற 5 கிரெடிட் கிளாஸ், ஸ்கூல்ல ஒரு முழு வருஷப் பாடத்துக்குச் சமம், அதனால வேகம் ஜாஸ்தி, அதையும் தெரிஞ்சுக்கங்க. ரெண்டு வருஷத்துல 90 கிரெடிட் முடிச்சு அசோசியேட் டிகிரிங்கற ரெண்டு வருஷ காலேஜ் பட்டத்தோட வெளிய வர்ற பசங்க இருக்காங்க. யூடபிள்யூல (யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன்) உள்ளூர்க்காரங்களுக்கே டியூஷன் வருஷத்துக்கு 12,000 டாலருக்கு மேல, கணக்கு நீங்களே போட்டுக்கங்க. அப்பவும் அவ ஃப்ரெஷ்மேனாத்தான், அதாவது புதுசா முதல் வருஷம் சேர்றவளாத்தான், அப்ளை பண்ணுவா, ட்ரான்ஸ்ஃபர்னு பாப்பாங்களோங்கற பயமும் வேண்டாம்.

அதை விடுங்க, பொண்ணுக்கு என்ன புடிக்கும்னு கேட்டேன். கல்லுங்க. செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைக்குப் போனப்ப எல்லாரும் செல்ஃபி எடுக்க, இவ சாம்பல் படிஞ்ச மண் அடுக்கைப் பாத்துட்டு நின்னாளாம். ஏபில ஜியாலஜின்னு ஒரு சப்ஜெக்டே கிடையாது மேடம்! கம்யூனிட்டி காலேஜ்ல ஜியாலஜி 101 லேபோட இருக்கு, கல்லைக் கையில எடுத்து உரசிப் பாத்து என்ன கனிமம்னு கண்டுபுடிக்கறது, மேப் படிக்கறது, இதெல்லாம் பதினாறு வயசுல.

பெரியப்பா சொல்றதுல ஒண்ணு சரி, பெரிய பிரைவேட் காலேஜ் பல இடத்துல இந்த கிரெடிட்டை எடுத்துக்க மாட்டாங்க. ஆனா அங்க எல்லாம் சேத்து வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல வருது, அதுக்கு வீட்டு மேல லோன் எடுக்கலாம்னு அந்தம்மா வீட்டுக்காரர் சொன்னாராம். வேண்டாம். அதை மட்டும் நேராவே சொல்லிட்டேன்.

இன்னொண்ணு, ரன்னிங் ஸ்டார்ட்ல வாங்கற கிரேடு காலேஜ் ட்ரான்ஸ்கிரிப்ட்ல நிரந்தரமா நிக்கும், நாளைக்கு மெடிக்கல் ஸ்கூலுக்குப் போட்டாலும் இதையும் காட்டணும். ப்ரொபசரும் உங்களுக்கு போன் போட்டு மார்க் சொல்ல மாட்டார். அதனால முதல் குவார்ட்டர் ஜியாலஜி ஒண்ணு மட்டும், மத்தது ஸ்கூல்லயே இருக்கட்டும்.

ஒவ்வொரு குவார்ட்டரும் ஃபார்ம்ல ஸ்கூல் கவுன்சிலர் கையெழுத்து வேணும், லேட்டானா லேப் சீட்டு நிறைஞ்சுடும். இந்த வாரமே மெயில் போடச் சொல்லுங்க. அவளே போடட்டும், நீங்க போடாதீங்க.