நியோ ஜியோ பாக்கெட் கலர் தேதியை மறக்கிறதா?
பதற வேண்டாம் நண்பரே. இயக்கும்போதெல்லாம் உங்கள் நியோ ஜியோ பாக்கெட் கலர் கையடக்க விளையாட்டுக் கருவி மொழியையும் தேதியையும் திரும்பக் கேட்கிறது என்றால், பின்பக்கம் தனி மூடிக்குள் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். புதிது போட்டால் சரியாகிவிடும். நீங்கள் பயப்படுவது போல் சேமித்த ஆட்டம் எதுவும் போகாது. அது கருவியில் செருகும் ஆட்ட அட்டையான கார்ட்ரிட்ஜின் ஃபிளாஷ் நினைவகத்தில், அதாவது மின்சாரம் இல்லாமலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது.

அப்புறம், விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். 1999-இல் வந்த கருவி. கட்டைவிரலுக்கு அடியில் 'டிக் டிக்' என்று சொடுக்கும் அந்தத் திசைக் குச்சியின் துல்லியம் அபாரம். மேட்ச் ஆஃப் தி மில்லேனியம் என்ற சண்டை ஆட்டத்தில் ரியூ, கியோ என்ற இரண்டு வீரர்களையும் மோதவிட்டுப் பாருங்கள். இரண்டே பொத்தான்தான், லேசாகத் தட்டினால் சிறு அடி, அழுத்திப் பிடித்தால் பலத்த அடி. சண்டை ஆட்டத்தை இவ்வளவு அழகாக உள்ளங்கைக்குள் அடக்கியவர்கள் அன்று வேறு யாருமில்லை.