அயலவரும் பயனாளியும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

திருகோணமலை உப்புவெளிப் பக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் சமூக நலத் திட்டத்தில் இரண்டு வருடங்களாக வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். நான் பிறந்து வளர்ந்ததும் அதே ஊர்தான். என் பொறுப்பில் 64 பயனாளிகள் இருக்கிறார்கள். அநேகமானோர் சலரோகமோ பிரஷரோ உள்ளவர்கள், தனியே வாழும் முதியவர்களும் உண்டு. பயனாளிகளை மாதம் ஒருமுறை வீட்டில் சந்தித்துப் படிவம் நிரப்ப வேண்டும், கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகவைக்க வேண்டும், மாதம் இருமுறை மண்டபத்தில் காலை ஒன்பது மணிக்கு ஒன்றுகூடல் நடத்த வேண்டும். உலருணவுப் பொதி கொடுத்த முதல் ஒன்றுகூடலுக்கு 58 பயனாளிகள் வந்தார்கள். பொதி இல்லாத அடுத்த கூட்டத்துக்கு 11 பேர்தான். ஆண் பயனாளிகள் எட்டியும் பார்ப்பதில்லை. பின்னேர நடைப்பயிற்சிக் குழு மூன்று கிழமையில் கலைந்துபோனது. எங்கள் சனம் இலவசத்துக்குப் பழகிவிட்டதா? பயனாளிகளுக்குத் தங்கள் உடம்பிலேயே அக்கறை இல்லாதபோது நாம் என்ன செய்ய முடியும்? பயனாளிகளின் வரவைக் கூட்ட வழி சொல்வீர்களா? இந்தத் துறையில் வாசிக்க வேண்டியவை எவை? திட்டம் மார்கழியோடு முடிகிறது, அதற்கு முன்பே விலகிவிடலாமா என்றும் நினைக்கிறேன்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

*

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் என் தாயாரின் ஆண்டுத் திவசத்துக்கு மறுநாள் வந்தது. அவர் விழுந்து கிடந்த அந்த ஒரு முற்பகலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் தனியே வாழும் முதியவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்ததால், இரண்டு வரியில் நன்றி சொல்லி விட்டுவிட என்னால் முடியவில்லை.

இலவசத்துக்குப் பழகிய சனம் என்ற சொல்லை இனி எங்கேயும் எழுதாதீர்கள். 1990 இல் போரில் வீடு வளவை விட்டு ஓடி, 2004 மார்கழி 26 இல் கடலுக்குப் பறிகொடுத்து, 2022 இல் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற சனம் அது. அந்த வீடுகளில் ஒரு பொதி அரிசியும் பருப்பும் என்பது ஒரு கிழமைச் சமையல், அதை வாங்க வருவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆண்கள் வராததும் பெரிய புதிர் இல்லை. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் விடியமுன்பே கரைவலை இழுக்கப் போகிறவர் உங்கள் ஒன்பது மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு, மீன் பிரித்து முடிந்த நேரம் பார்த்து வாடிக்குப் போங்கள். நடைப்பயிற்சியும் அப்படித்தான், கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும் ஆனி ஆடிப் பின்னேரத்தில் எழுபது வயதுக்காரரை வீதியில் நடக்கச் சொன்னவர் இந்த ஊர்க் காற்றை அறியாதவர். விடியற்காலையில் கோவிலுக்கு நடந்து போகிற பெண்களோடு அவர்களைச் சேர்த்துவிடுங்கள், போதும்.

என்னை வருத்தியது வேறொன்று. உங்கள் கடிதத்தில் பயனாளி என்ற சொல் ஆறு இடங்களில் வருகிறது. அயலவர் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. அதே ஊரில் பிறந்தேன் என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த 64 பேரில் பாதிப் பேராவது உங்களைத் தூக்கி வளர்த்தவர்களாக இருப்பார்கள், உங்கள் சாமத்தியச் சடங்குக்குப் பலகாரம் சுட்டவர்களாக இருப்பார்கள், உங்களுக்கு மாமியாகவும் பெரியப்பாவாகவும் அக்காவாகவும் இருப்பார்கள். அவர்களை ஒரு படிவத்தின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் சொல்லால் அழைக்க உங்களுக்கு யார் பழக்கினார்கள்? சொல்தானே என்று விட்டுவிடாதீர்கள். பயனாளி என்பவர் பெறுகிறவர். கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை என்று அந்தச் சொல்லே முடிவு செய்துவிடுகிறது. பெறுகிறவர் பெறுவதற்கு ஒன்று இருந்தால் வருவார், இல்லாவிட்டால் வரமாட்டார். பொதிக்கு 58 பேர் வந்ததும் பொதியில்லாமல் 11 பேர் வந்ததும் அந்தச் சொல்லின் கணக்குத்தான். அயலவர் என்பது இரண்டு பக்கமும் நடக்கிற சொல். நான் உங்களுக்கு அயலவர் என்றால் நீங்களும் எனக்கு அயலவர். எனக்கு நீங்கள் பார்த்துச் செய்ய வேண்டியதும் உண்டு, உங்களுக்கு நான் பார்த்துச் செய்ய வேண்டியதும் உண்டு.

நம் நாட்டுச் சுகாதார சேவையில் மிகவும் வெற்றி பெற்ற பகுதியைப் பாருங்கள். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்து, இன்று தீவு முழுவதும் தாய்மாரையும் குழந்தைகளையும் காப்பது வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர்தான். ஊரில் நாம் மிட்வைஃப் என்று சொல்கிறவர். எந்த வீட்டில் யார் எத்தனையாம் மாதம், யாருக்கு இரத்தம் குறைவு, எந்த மாமியார் பத்தியம் என்று சொல்லி மீனைத் தடுக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். படலையில் அவருடைய குரல் கேட்டால் யாரும் ஒளிந்துகொள்வதில்லை. ஆனால் அந்த வருகை பிள்ளையோடு நின்றுவிடுகிறது. அதே வீட்டின் பின்னறையில் இருக்கும் பாட்டியைத் தேடிப் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. அவர் கிளினிக் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு விடிய எழும்பி வரிசையில் போய் நிற்க வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைக் கடந்திருந்தார்கள், அதற்குப் பிறகு அந்தப் பங்கு கூடித்தான் வருகிறது. உங்கள் வேலை நிற்கும் இடம் இந்த வெற்றிடம். அதனால்தான் அதை நீங்கள் படிவ வேலையாகச் செய்வதைக் கண்டு எனக்குக் கோபம் வருகிறது.

என் தாயார் கிளினிக்கைத் தவறவிட்டதே இல்லை. ஒன்பது வருடம், மாதம் தவறாமல் போனார், மாத்திரைகளைக் காலை இரவு என்று இரண்டு போத்தல் மூடிகளில் பிரித்து வைத்துக் குடித்தார், உப்பைக் குறைத்தார். உங்கள் படிவத்தில் அவருக்கு எல்லாக் கட்டத்திலும் சரி விழுந்திருக்கும்.

எங்கள் ஒழுங்கையில் முன்பு கிடுகு வேலிகள்தான் இருந்தன. எங்கள் வளவுக்கும் பின்வளவு மாமியின் வளவுக்கும் நடுவில் இருந்த வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிந்து போகுமளவு. ஊரடங்கு நாட்களில் சீனியும் தேயிலையும் மாத்திரையும் அதன் வழியாகத்தான் வந்து போயின. வெடிச் சத்தம் கேட்ட இரவுகளில் குழந்தைகளை அதன் வழியாகத்தான் அந்தப் பக்கம் கடத்தினோம். சண்டை இல்லாத நாட்களிலும் மாமி காலையில் கோலம் போட்டு முடித்ததும் அந்தப் பொட்டால் தலையை நீட்டி, "என்ன, தேத்தண்ணி குடிச்சாச்சோ?" என்று அம்மாவைக் கேட்பார். அது நலம் விசாரிப்பு என்று அவர்கள் இருவருமே நினைத்ததில்லை. ஒரு நாள் அம்மா பதில் சொன்ன குரல் சரியில்லை என்று மாமிதான் வந்து தொட்டுப் பார்த்து, காய்ச்சல் என்று கண்டுபிடித்து என்னைக் கூப்பிட்டார்.

போர் முடிந்த பிறகு, 2011 இல், தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய காசில் அந்த வேலியைப் பிரித்துவிட்டு ஆறடி மதில் கட்டினோம். கட்டியவன் நான். கிடுகு மாற்றும் செலவு மிச்சம், ஆடு மாடு வராது, பாதுகாப்பு என்று காரணங்கள் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாமி, "நல்ல மதில் தம்பி" என்றார்.

2013 மாசியில் ஒரு நாள் நான் ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபோது அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது குளியலறையில் விழுந்து கிடந்தார். குழாய் திறந்தபடி இருந்தது, வாளி நிரம்பித் தண்ணீர் வாசல் வரை ஓடியிருந்தது. வலப்பக்கம் முழுவதும் செயலற்றுப் போயிருந்தது, பேச்சு வரவில்லை, கண் மட்டும் திறந்திருந்தது. வைத்தியர் முதலில் கேட்டது, கடைசியாக இவர் சுகமாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதைத்தான். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு வரும் பாரிசவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன் உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தேன். என்னால் சொல்ல முடிந்தது ஏழு மணி என்று மட்டும்தான். எட்டு மணிக்கு விழுந்தாரா, பன்னிரண்டு மணிக்கு விழுந்தாரா என்று சொல்ல உலகத்தில் யாரும் இருக்கவில்லை.

பின்வளவு மாமி அன்று முழுவதும் வீட்டில்தான் இருந்திருக்கிறார். அன்றிரவு வைத்தியசாலைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தண்ணி ஓடுற சத்தம் காலமை தொட்டுக் கேட்டது தம்பி. உடுப்புத் தோய்க்கிறா ஆக்கும் எண்டு இருந்திட்டன். வேலியெண்டால் எட்டிப் பாத்திருப்பன்."

உங்கள் 64 பேரில் தனியே இருக்கும் ஒவ்வொருவரின் வீட்டிலும் அந்தக் குழாய் இருக்கிறது, பிள்ளை. மாதம் ஒருமுறை போகும் நீங்கள் அதன் சத்தத்தைக் கேட்கப்போவதில்லை. நீங்கள் எவ்வளவு நல்லவராக, எவ்வளவு உழைப்பவராக இருந்தாலும் வருடத்தில் பன்னிரண்டு நாள்தான் அந்த வீட்டில் இருக்க முடியும். மற்ற நாட்களில் அங்கே இருப்பவர் அடுத்த வளவுக்காரர். அவரை அந்த வீட்டோடு சேர்த்துவைப்பதுதான் உங்கள் வேலை. கிளினிக்குக்கு அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகு தானாக நடக்கும், ஏனென்றால் கிளினிக்குக்குத் தனியே போகச் சலிக்கும் இருவர் சேர்ந்து போகச் சலிப்பதில்லை.

வாசிக்கக் கேட்டீர்கள். நூற்பட்டியல் தரமாட்டேன், ஒரு ஆய்வை மட்டும் சொல்கிறேன். 1979 இல் லிசா பேர்க்மன், லெனாட் சைம் என்ற இருவர், கலிபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததன் முடிவை வெளியிட்டார்கள். வாழ்க்கைத்துணை, நண்பர்களும் உறவினர்களும், தேவாலயம், சங்கம் என்ற நான்கையும் வைத்து ஒருவருக்கு உள்ள தொடர்புகளை அளந்தார்கள். தொடர்பு மிகக் குறைந்தவர்கள், மிகுந்தவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இறந்திருந்தார்கள். புகை, குடி, முன்பே இருந்த நோய் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாடு மறையவில்லை. 2025 இல் உலக சுகாதார நிறுவனமும் உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று அறிக்கை தந்தது. அந்தக் கலிபோர்னிய ஆய்வில் அளக்கப்பட்டவற்றைக் கவனியுங்கள்: ஒருவர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்பதில்லை, அவருக்கு யார் இருக்கிறார்கள், அவர் யாருக்கு இருக்கிறார் என்பதுதான்.

அம்மா அதன் பிறகு நான்கு வருடம் இருந்தார். இரண்டாம் மாதமே மதிலில் மூன்றடியை இடித்து ஒரு கதவு வைத்தேன். மாமி ஒவ்வொரு நாளும் அதால் வந்து, திண்ணையில் இருந்து கீரை ஆய்ந்தபடி, பதில் வராது என்று தெரிந்தும் ஊர்க் கதை முழுவதையும் அம்மாவுக்குச் சொன்னார். மாமி வரப் பிந்தினால் அம்மா இடக்கையால் அந்தக் கதவைக் காட்டிக்கொண்டே இருப்பார்.

விலகாதீர்கள். மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மண்டபத்தில் கூட்டம் வைப்பதை விட்டுவிட்டு, ஐந்தாறு வீடுகளுக்கு ஒரு முற்றம் என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வேறொருவர் முற்றத்தில் கூடுங்கள். பிளேன்டீயை அந்த வீட்டுக்காரர் போடட்டும், அவரிடம் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது என்பதை அவரே காணட்டும். கிறிஸ்தவ வீடோ முஸ்லிம் வீடோ சிங்கள வீடோ இடையில் இருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள், விழுந்தவரின் சத்தம் அந்த வீட்டுக்கே முதலில் கேட்கலாம். முகம் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 1990 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டும், அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை என்பதை எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள், சிறுவர்களுக்கும். பொதி கொடுக்க நிதி இருந்தால் கொடுங்கள். ஆனால் அடுத்த வளவுக்காரர் கையில் கொடுத்து, கொண்டுபோய்க் கொடுக்கச் செய்யுங்கள்.

உங்கள் படிவத்தில் ஒரு நிரலைப் பேனையால் கோடு போட்டுச் சேருங்கள்: காலை எட்டு மணிக்குள் இவருடைய கதவு திறக்காவிட்டால் போய்ப் பார்ப்பவர் யார்? 64 வரியிலும் ஒரு பெயர் வர வேண்டும், அந்தப் பெயருக்குரியவர் சம்மதித்திருக்க வேண்டும். வெறுமையாக இருக்கும் வரி எதுவோ அந்த வீட்டுக்கு அடுத்த நாளே மறுபடி போங்கள். திட்டம் முடியும்போது ஒரு பிரதியை நிறுவனத்துக்குக் கொடுங்கள், இன்னொன்றை உங்கள் கிராமத்து முதியோர் சங்கச் செயலாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். சங்கம் பெயரளவில் இருந்தால் அதை எழுப்புவதற்கு எனக்கு எழுதுங்கள், நான் உப்புவெளிக்கு வருகிறேன்.