பெரியப்பா சொல்வதற்காகப் படிக்க வைக்காதீர்கள்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று பெரியப்பா பிடிவாதமாக இருக்கிறார். அவளோ வெவ்வேறு நாட்டு மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகும் விதத்தைப் படிக்க ஆசைப்படுகிறாள். "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை புரிகிறது. ஆனால் பெரியப்பா சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

கடிதத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டு விருந்தாளி பேசப் பேசப் பின்னால் நகர்ந்தார், உங்கள் கணவர் முன்னால் நகர்ந்தார், மகள் அதை நோட்டில் குறித்து வைத்தாள். இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் டி. ஹால். 1914இல் பிறந்தவர். இளம் வயதில் அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ, ஹோப்பி மக்களின் நிலங்களில் அணை கட்டும் வேலையில் இருந்தபோதே, நேரம் என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல என்று கண்டுகொண்டார். 1950களின் தொடக்கத்தில் வெளிநாடு செல்லும் அமெரிக்க அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். பண்பாடு பற்றிய பொதுவான பாடங்களில் அவர்களுக்குப் பொறுமை இல்லை. நாளைக்கே உதவுகிற விஷயம் வேண்டும் என்றார்கள். சரி என்று ஹால் குரல், சைகை, காத்திருப்பு, நிற்கும் தூரம் ஆகியவற்றுக்கு இறங்கி வந்தார். 1959இல் வந்த அவருடைய "தி சைலன்ட் லாங்குவேஜ்" புத்தகத்திலிருந்துதான், உங்கள் மகள் ஆசைப்படும் பண்பாடுகளிடைத் தொடர்பியல் என்ற இந்தத் துறை தொடங்கியதாகப் பலரும் சொல்வார்கள். அமெரிக்கர்களைக் கவனித்து, நெருக்கமானவர்களுக்கு ஒன்றரை அடி வரை, நண்பர்களுக்கு நான்கு அடி வரை, அலுவல் பேச்சுக்குப் பன்னிரண்டு அடி வரை என்று அவர் கணக்குப் போட்டார். மற்ற பண்பாடுகளில் இந்தக் கணக்கு மாறும் என்றும் சொன்னார். உங்கள் மகள் பார்த்தது அந்த மாற்றத்தைத்தான்.

மருத்துவம், பொறியியல் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு, அதனால் விட்டுவிடுகிறேன். இவளுக்கு இளங்கலையில் மானுடவியல் அல்லது மொழியியல் போதும். கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரியே நல்லது. கூடவே ஒரே ஒரு அயல்மொழி. சான்றிதழ் வாங்கினால் போதாது, அந்த மொழியில் சண்டை போடும் அளவுக்கு வர வேண்டும். களப்பணி உள்ள பாடத்திட்டமா என்று கட்டாயம் விசாரியுங்கள். ஓரிடத்தில் உட்கார்ந்து கவனித்து, அன்றிரவே குறிப்பு எழுதும் பழக்கம் அங்கேதான் வரும். அப்புறம் முதுகலையில் பண்பாடுகளிடைத் தொடர்பியல். வெளிநாடு போகும் ஊழியர்களுக்குப் பயிற்சி, மருத்துவமனை மொழிபெயர்ப்பு, அயல்நாட்டு மாணவர் அலுவலகம், ஒரு பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் பயனர் ஆய்வு என்று வேலைகள் இருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் மென்பொருள் வேலையைவிடக் குறைவாகவே இருக்கும். அதை மறைக்க மாட்டேன்.

பணத்தில் மட்டும் கறாராக இருங்கள். அவளுக்குப் பிடிக்காத படிப்புக்குக் கடன் வாங்கவே வேண்டாம். வட்டி கட்டப் பெரியப்பா வரமாட்டார். வெளிநாட்டு முதுகலைக்கும் இப்போதே கடன் பேசாதீர்கள். முதலில் இரண்டு வருடம் வேலை பார்க்கட்டும்.

அடுத்த முறை வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.