தோல் இருக்கைக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா?

கேள்வி: காரின் தோல் இருக்கைகளில் வெள்ளையாகப் பூஞ்சை படிகிறது. சோப்பு நீரால் கழுவித் தேங்காய் எண்ணெய் பூசுகிறேன். சரியா?
- வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: இரண்டையும் இன்றே நிறுத்திவிடுங்கள், அம்மா. மஞ்சக்குப்பத்தில் 20 ஆண்டுகளாக இருக்கை தைக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்த நல்ல தோலைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நோகிறது. தோல் சற்று அமிலத்தன்மை உடையது. துணி சோப்போ காரம், தோலை வறளச் செய்துவிடும். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காரை வெளியே நிறுத்தி, பூஞ்சையை உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். தோலுக்கான கிளீனரை மென்துணியில் தொட்டு, தையல் இடுக்குகள்வரை துடையுங்கள். கதவுகளைத் திறந்துவைத்து நிழலில் உலர்த்துங்கள். முழுதும் உலர்ந்த பிறகே கண்டிஷனர் (தோலை மென்மையாக வைக்கும் பூச்சு), அதுவும் மெல்லியதாக. சிறு துளைகளிட்ட தோல் என்றால் கிளீனரை அதன்மேல் நேரடியாகத் தெளிக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த குடையை இருக்கைமேல் வைக்காதீர்கள்.