சீல் வைக்கலாம், பாத்ரூம் எங்க இருக்கு?

கேள்வி: கொரோனா டைம்ல மும்பை தாராவி மாதிரி குடிசைப் பகுதிகள்லதான் ஏகத்துக்கும் பரவுச்சு. சுத்தமும் கட்டுப்பாடும் இல்லாததுதானே காரணம்? அடுத்த தடவை இப்படி ஒண்ணு வந்தா முதல் நாளே இந்த ஏரியாக்களுக்கு சீல் வெச்சுட்டா மத்தவங்க தப்பிக்கலாம்ல?
– ஒரு வாசகர், கோவை

பதில்: பரவுனது உண்மைதான் சார், அதுல சண்டையே இல்ல. 2020 ஜூலைல மும்பைல மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர்னு மூணு வார்டுல கிட்டத்தட்ட 7,000 பேர் ரத்தத்தை எடுத்து டெஸ்ட் பண்ணுனாங்க. குடிசைப் பகுதில 57 சதவீதம் பேருக்கு வந்து போயிருந்துச்சு, அதே வார்டுகள்ல மத்த வீடுகள்ல வெறும் 16. ஒரே மாநகராட்சி, ஒரே லாக்டவுன், ஒரே போலீஸ் லத்தி, ஆனா மூணு மடங்குக்கு மேல வித்தியாசம்.

இதுக்குக் காரணம் கட்டுப்பாடு இல்லாததுன்னு நீங்க சொல்றீங்க. அதே சர்வேல இன்னொண்ணும் இருக்கு, ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாவே வந்திருந்துச்சு. லாக்டவுன்ல தெருவுல சுத்துனது யாரு, வீட்டோட கிடந்தது யாருன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

தாராவிய கொஞ்சம் கிட்டப் போய் பாருங்க. ரெண்டரை சதுர கிலோமீட்டருக்குள்ள 8 லட்சம் பேருக்கு மேல, அதுல நம்ம திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து தோல் பதனிடுற வேலைக்குப் போனவங்களோட பேரப்பிள்ளைங்களும் உண்டு. பத்துக்குப் பத்து ரூம்ல ஏழு பேர், எட்டு பேர், பாதிப்பேர் ஏணி ஏறி மேல பரண்ல படுக்கணும். வீட்டுக்குள்ள கக்கூஸ் கிடையாது, காலைல பக்கெட்டைத் தூக்கிட்டு பொதுக் கழிப்பறை கியூவுல நிக்கணும், உள்ள ஒருத்தர் இருமிட்டு வெளிய வந்த அடுத்த நிமிஷம் இவர் உள்ள போகணும், காத்து போக வழி இல்லாத ஒரு பெட்டிக்குள்ள. இவர்கிட்ட போய் ஆறடி தள்ளி நில்லுங்க, தனி ரூம்ல இருங்கன்னு டிவில சொன்னா அவர் என்ன பண்ணுவாரு, சுவத்தை இடிச்சு தள்ளி வைப்பாரா?

சரி, சுத்தம்தான் பிரச்சினைன்னே வெச்சுக்குவோம். உலகத்துலயே சுத்தமான ஊருன்னு நாம வாயைப் பொளந்து பேசுற சிங்கப்பூருக்குப் போவோம். அங்க வெளிநாட்டுத் தொழிலாளிங்க, நம்ம ஊர் பசங்களும் அதுல நிறைய, டார்மிட்டரில ஒரு ரூமுக்கு 12 பேர், 16 பேர்னு பங்க் கட்டில்ல இருந்தாங்க. 2020 டிசம்பர்ல அந்த அரசாங்கமே கணக்கு சொல்லுச்சு, டார்மிட்டரில 47 சதவீதம் பேருக்கு வந்திருந்துச்சு. வெளிய இருந்த மக்கள்ல நூத்துக்கு ஒருத்தர் கூட இல்ல. இத்தனைக்கும் நீங்க சொல்ற சீல் அங்க ஏப்ரல்லயே வெச்சாச்சு. உள்ள இருந்தவன் உள்ளயே வாங்கிக்கிட்டான், அவ்வளவுதான் நடந்தது. (மத்தவங்க தப்பிச்சாங்களேன்னு நீங்க சொல்லுவீங்க, தெரியும். அப்ப உங்க கேள்வி நோயைத் தடுக்கறதைப் பத்தி இல்ல, யார் தலையில கட்டறதுங்கறதைப் பத்தி.)

தாராவில ஜூன்ல கேஸ் குறைஞ்சதுக்கு வெறும் சீல் மட்டும் போதல. வீடு வீடா காய்ச்சல் பார்த்தாங்க, ஏரியாவுல கிளினிக் வெச்சிருந்த டாக்டருங்களையே சேர்த்துக்கிட்டாங்க, கழிப்பறைகளுக்கு ஒரு நாளைக்குப் பலதடவை மருந்தடிச்சாங்க, சந்தேகப்பட்டவங்களை ஸ்கூல்லயும் ஸ்போர்ட்ஸ் கிளப்லயும் தங்க வெச்சு மூணு வேளை சோறு போட்டாங்க. ஏற்கனவே நிறைய பேருக்கு வந்து போனதும் ஒரு காரணமா இருக்கலாம், அதையும் சொல்லிடணும். ஆனா அதே ஜனங்கதான் சார், ஏப்ரல்ல கட்டுப்பாடு இல்லாதவங்க ஜூன்ல திடீர்னு திருந்திட்டாங்களா? தனியா படுக்க இடமும் தட்டுல சோறும் கிடைச்சுது, போனாங்க.

குடிசைக்கு வெளியயும் இதே கதைதான். இங்கிலாந்துல 2020 மார்ச்ல இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் ரொம்ப வசதி குறைஞ்ச ஏரியாக்கள்ல லட்சத்துக்கு 55 பேர் கொரோனாவுல செத்தாங்க, வசதியான ஏரியாக்கள்ல 25. பஸ் ஓட்டுறவன், கடையில பில் போடுறவன், முதியோர் இல்லத்துல வேலை பார்க்குறவன் எல்லாம் லேப்டாப்ப தொறந்து வீட்ல இருந்து வேலை பார்க்க முடியுமா? அந்த ஊர்ல நோய் லீவுக்கு சட்டப்படி கிடைச்சது வாரத்துக்கு 95 பவுண்டு சொச்சம். வாடகை கட்டணும்னா இருமிக்கிட்டே வேலைக்குப் போயிருப்பான், நம்மளும் போயிருப்போம்.

அதனால அடுத்த தடவை சீல் வைக்கிற ஐடியா இருந்தா, உள்ள இருக்கிறவங்களுக்கு அந்த ரெண்டு வாரக் கூலிய யார் தர்றது, தண்ணி லாரி வர்றப்ப சீலை யார் திறக்கிறதுன்னும் சேர்த்து எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போட்டுடலாம்.