பீலிங் மேசைக்கு ஒரு பயிற்சியாளர்

கேள்வி: கருங்கல் அருகே ஒரு முந்திரி ஆலையில் ஐந்து ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவந்த என்னை, ஆனி மாதத்தில், பருப்பின் தோல் நீக்கும் பீலிங் பிரிவுக்கு மேற்பார்வையாளராக்கினார்கள். என் பிரிவில் 22 பெண்கள் இருக்கிறார்கள். பாதிப் பேர் என் அம்மா வயதுடையவர்கள், ஊரில் நான் அக்கா என்றும் மாமி என்றும் அழைப்பவர்கள். தோல் நீக்கிய பருப்பின் எடைக்கே அவர்களுக்குக் கூலி. மழை தொடங்கியதிலிருந்து உடைந்த பருப்பு கூடிவிட்டது. முதலாளி, ஒரு கால்பந்துப் பயிற்சியாளர் வீரர்களைத் திட்டும் காணொளியை அனுப்பி, இப்படி இருந்தால்தான் வேலை நடக்கும் என்கிறார். திட்டினால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். திட்டாவிட்டால் எதுவும் மாறுவதில்லை. பள்ளியில் கபடி ஆடியவள் என்பதால் பயிற்சியாளர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. அவர்களிடமிருந்து நான் உண்மையில் எதைக் கற்றுக்கொள்ளலாம்? (வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: உங்கள் முதலாளி அனுப்பிய காணொளியில் இருப்பது, பல மாதப் பயிற்சிக்குப் பின் நடக்கும் ஓர் ஆட்டத்தின் சில நொடிகள் மட்டுமே. கேமராக்கள் இல்லாத காலை வேளையில், ஆட்டக்காரரின் கால் எங்கே இருக்கிறது, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்துவதில்தான் பயிற்சியாளரின் வாழ்நாளில் பெரும்பகுதி கழிகிறது. நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியவை எல்லாம் அந்தக் காலை வேளையில்தான் இருக்கின்றன. கபடி ஆடிய உங்களுக்கு இது புதிதாக இராது. களத்தில் கேட்ட அதட்டல் மறந்துபோயிருக்கலாம், ஆனால் எதிராளியின் கணுக்காலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லித்தந்தது இன்றும் உங்கள் கையில் இருக்கும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். யு.சி.எல்.ஏ. எனப்படும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியைப் பயிற்றுவித்த ஜான் வூடன், 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் 10 முறை தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றவர். அவருடைய கடைசிப் பருவமான 1974-75இல், ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கல்லிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சிகளை நேரில் கவனித்து, அவர் கற்பித்த ஒவ்வொரு செயலையும் வகைப்படுத்திக் குறித்தார்கள். 2,326 செயல்கள் பதிவாயின. அவற்றில் பாராட்டு 6.9 விழுக்காடு, அதிருப்தி 6.6 விழுக்காடு, ஏறத்தாழ முக்கால் பங்கு, எதைச் செய்வது, எப்படிச் செய்வது என்ற வெறும் தகவல். தவறு நேரும்போது, சரியான முறையைச் செய்து காட்டுவார், ஆட்டக்காரர் செய்த தவறான முறையை அப்படியே செய்து காட்டுவார், உடனே மறுபடியும் சரியானதைச் செய்து காட்டுவார். மூன்றும் சில நொடிகளில் முடிந்துவிடும்.

திட்டுவதா வேண்டாமா என்ற உங்கள் திண்டாட்டத்துக்கு இதிலேயே விடை இருக்கிறது. 'இவ்வளவு உடைத்துவிட்டீர்களே' என்பதை அதட்டிச் சொன்னாலும் கெஞ்சிச் சொன்னாலும், அடுத்த பருப்பை எப்படிப் பிடிப்பது என்பது அதில் இல்லை. 'அக்கா, கத்தி நேராக இறங்குது, கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க' என்று அருகில் உட்கார்ந்து, நீங்களே ஒரு பருப்பை எடுத்துச் செய்து காட்டினால், அதில் கோபத்துக்கும் இடமில்லை, அந்த அக்காவின் மரியாதைக்கும் குறைவில்லை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: உங்களுக்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். கணக்கு மேசையிலிருந்து வந்தவர் என்பதால், ஒரு வாரமாவது தினமும் ஒரு மணி நேரம் பீலிங் மேசையில் அமர்ந்து தோல் நீக்கிப் பழகுங்கள். அதை மறைவாகச் செய்ய வேண்டாம்; அந்தப் பிரிவிலேயே கைத்திறன் மிக்க மூத்தவரிடம், எனக்குச் சொல்லித்தாருங்கள் என்று கேட்டே செய்யுங்கள். வயதில் இளையவர் அதிகாரத்தோடு வரும்போது மூத்தவர்கள் மனத்தில் எழும் முதல் கேள்வி, இவளுக்கு என்ன தெரியும் என்பதுதான். அதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை.

வூடனிடம் உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு பாடம் இருக்கிறது. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும், பந்தைத் தொடுவதற்கு முன், காலுறையைச் சுருக்கமில்லாமல் அணிவது எப்படி என்று அவர் கற்றுக்கொடுப்பார். சுருக்கம் இருந்தால் காலில் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தவன் பயிற்சியைத் தவறவிடுவான், பயிற்சி தவறியவன் ஆட்டத்தில் பிழை செய்வான் என்பது அவர் கணக்கு. ஆட்டத்தில் தெரியும் பிழைக்கு முந்தைய நாள் காலுறை காரணமாக இருக்கலாம்.

உங்கள் ஆலையில் அந்தக் காலுறை, பருப்பை உலர்த்தும் சூட்டறையான போர்மாவாக இருக்கக்கூடும் என்று நான் சந்தேகிக்கிறேன். ஓடு நீக்கிய பருப்பை உலர்த்துவதே, ஈரம் குறைந்து மேல்தோல் சுருங்கிக் கழன்று வருவதற்காகத்தான். உலர்வு போதாவிட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய தோலைக் கத்தியால் சுரண்ட வேண்டியிருக்கும். சுரண்டினால் பருப்பு வடுப்படும், பிளக்கும். மிகையாக உலர்ந்தாலோ பருப்பு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் நம் மாவட்டத்துக்கு உண்டு. காற்றில் ஈரம் நிறைந்த நாளில், போர்மாவிலிருந்து எடுத்த பருப்பை மூடாமல் வைத்திருந்தால் அது மறுபடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை தொடங்கியதிலிருந்து உடைந்த பருப்பு கூடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 22 பெண்களுக்கும் ஒரே மாதத்தில் கைத்திறன் குறைந்துவிடுமா என்று எண்ணிப் பாருங்கள். எடைக்குக் கூலி பெறுபவர்களுக்கு ஒட்டிய தோல் என்பது குறைந்த கூலியும்கூட. கூலியை இழந்து நிற்பவரை அந்த இழப்புக்காகவே திட்டும்போதுதான் முகம் திரும்புகிறது.

ஆகவே, இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்: எந்தத் தட்டு எந்த நேரத்தில் போர்மாவிலிருந்து வந்தது, எவ்வளவு நேரம் திறந்திருந்தது, அதில் முழுப்பருப்பு எத்தனை கிலோ, உடைந்தது எத்தனை கிலோ, யார் மேசைக்குப் போனது. கணக்கு எழுதியவர் என்ற உங்கள் பழைய தகுதி இங்கேதான் பயன்படப்போகிறது. எல்லா மேசையிலும் ஒரே நாளில் உடைவு கூடினால் காரணம் மேசைக்கு வெளியே இருக்கிறது. ஒருவரிடம் மட்டும் எல்லா நாளும் கூடினால், அவர் பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டும்.

அப்படி ஒருவர் பக்கத்தில் உட்காரும்போது, அவர் இந்த இடத்துக்கு உரியவர்தானா என்ற கேள்வியையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து, 1950 முதல் 1963 வரை இந்தியக் கால்பந்து அணியைப் பயிற்றுவித்த சையத் அப்துல் ரஹீமின் முடிவு ஒன்றை இதற்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், தற்காப்பு ஆட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை வெளியே உட்கார வைக்கவில்லை; பழைய இடத்திலும் நிறுத்தவில்லை; முன்வரிசைக்கு மாற்றினார். ஜர்னைல் அரையிறுதியிலும் கோல் அடித்தார், இறுதி ஆட்டத்திலும் அடித்தார். முதல் ஆட்டத்தில் இந்தியாவை 2-0 என்று வென்றிருந்த தென்கொரியாவை இறுதியில் 2-1 என்று வென்று தங்கம் பெற்றோம். உங்கள் பிரிவில் கண்பார்வை மங்கிய மூத்தவர் ஒருவர் வெளிச்சம் குறைந்த மூலையில் அமர்ந்திருக்கலாம். விரல் மூட்டில் வலி உள்ள ஒருவருக்குத் தோல் நீக்குவதைவிடத் தட்டு பிரித்துக் கொடுப்பது எளிதாக இருக்கலாம். இடத்தை மாற்றும்போது கூலி குறையாதபடி முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் செய்த உதவி தண்டனையாகத் தெரியும்.

இனி, பயிற்சியாளர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதவை. 2016 ரியோ ஒலிம்பிக்கிற்கு முன் மூன்று மாதங்களுக்கு பாட்மின்டன் பயிற்சியாளர் புல்லேலா கோபிசந்த், தன்னிடம் பயின்ற பி.வி. சிந்துவின் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார். சிந்து வெள்ளிப்பதக்கம் வென்றார். ஒலிம்பிக்கையே இலக்காக ஏற்றுக்கொண்ட ஓர் ஆட்டக்காரர், தானே தேர்ந்த பயிற்சியாளருக்குத் தரும் உரிமை அது. பள்ளியிலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழைப்பு வரக்கூடிய தாயிடம் அந்த உரிமை உங்களுக்குக் கிடையாது. ஆட்டக்காரரை அணியிலிருந்து நிறுத்திவைப்பதும் அப்படியே. அவருக்கு அது ஓர் ஆட்டம், உங்கள் பிரிவில் இருப்பவருக்கு அது அன்றைய அடுப்பு.

பாராட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வூடனின் கணக்கில் பாராட்டு குறைவு என்பதால் அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தகவலோடு சேர்ந்த பாராட்டு தங்கும்: 'இந்தத் தட்டில் முழுப்பருப்பு நேற்றைவிட அதிகம், கத்தியே படவில்லை' என்றால், எதைத் தொடர வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

முதலாளியிடம் பேசுவதற்கு அவர் அனுப்பிய காணொளியையே துணையாக வைத்துக்கொள்ளலாம். கால்பந்துப் பயிற்சியாளர்களில் கடுமையான திட்டுக்குப் பேர்போன அலெக்ஸ் பெர்குசன், விமரிசனத்தால் மேம்படுபவர்கள் சிலரே, பெரும்பாலோர் ஊக்கத்துக்கே செவிசாய்க்கிறார்கள் என்று பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னவர். அன்றாடப் பயிற்சியைத் துணைப் பயிற்சியாளர்களிடம் விட்டுவிட்டு, ஓரமாக நின்று கவனிப்பதையே தன் முதன்மை வேலையாகக் கொண்டவர். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் பொறுப்பேற்ற அவருக்கு முதல் கோப்பை 1990இல்தான் கிடைத்தது. அதுவரை நிர்வாகம் அவரை மாற்றவில்லை. 2013இல் விலகும்போது 13 பிரீமியர் லீக் பட்டங்கள் அவர் கணக்கில் இருந்தன. உங்களுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. இரண்டு வார நோட்டை முதலாளி முன் விரித்து, போர்மாவிலிருந்து வரும் தட்டுகளை மூடி வைக்கவும், உலர்த்தும் நேரத்தை மழைநாளில் மாற்றிப் பார்க்கவும் அனுமதி கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை பீலிங் பிரிவில் யாரையும் அவர் நேரில் வந்து கண்டிக்க வேண்டாம் என்றும், சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லும்படியும் கேளுங்கள்.