கோர்ஸுக்கு பணம் கட்டறதுக்கு முன்னாடி சீட்டு நோட்ட எடுங்கக்கா

அக்கா, தம்பி பிஎஸ்ஸி முடிச்சுட்டு எட்டு மாசமா வீட்லயே இருக்கான், வட்டிக்கு வாங்கியாவது 45 ஆயிரம் ரூபா ஐடி கோர்ஸ்ல சேத்துடவான்னு கேட்டீங்க. இப்போ வேணாம்க்கா. அவன்கிட்ட அரை மணி நேரம் பேசிப் பாத்தேன், எஸ்க்யூஎல், அதான் டேட்டாபேஸ்ல கணக்க போட, எடுக்க எழுதற மொழி, நல்லாவே எழுதறான், ஆனா ஒவ்வொரு வரியா காப்பி பண்ணி ஸ்க்ரீன்ல போட்டுதான் பழக்கம். வேலைல நூத்துக்கணக்கான வரிய ஒரே ஃபைல்ல எழுதி வச்சு ஸ்கிரிப்டா மொத்தமா ஓட விடுவாங்க, மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்னு ரெண்டு டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் இருக்கு, மைஎஸ்க்யூஎல்னா வெளியிலேர்ந்தே < குறி போட்டு ஃபைல் பேரு, போஸ்ட்கிரெஸ்னா மைனஸ் எஃப் (-f) போட்டு ஃபைல் பேரு, இது பத்து நிமிஷத்துல வந்துடும்.

ஃபைல் பாதில நின்னா என்ன பண்ணுவன்னு இன்டர்வியூல கேப்பாங்க பாருங்க, அங்கதான் பசங்க முழிக்கறாங்க. உங்க சீட்டு நோட்டையே எடுத்துக்கோங்க, 20 பேரு, 20 மாசம், ஒரு தவணைக்கு ஒரு வரின்னு 400 வரி. 137வது வரில டேபிள் (கணக்கு ஏத்தற பட்டியல்) பேரு தப்பா இருந்து ஃபைல் மூலமா ஓட்டினா மைஎஸ்க்யூஎல் அங்கயே நின்னுடும், ஆனா அதுக்கு முன்னாடி போன 136 வரி உள்ள உக்காந்திருக்கும், தப்ப திருத்திட்டு மொத்தத்தையும் மறுபடி ஓட்டினா அந்த 136 தவணையும் ரெண்டு வாட்டி கட்டுன மாதிரி காட்டும். போஸ்ட்கிரெஸ் நிக்கவே நிக்காது, அந்த ஒரு வரிய விட்டுட்டு போயிட்டே இருக்கும், ஆன் எரர் ஸ்டாப்னு, அதாவது தப்பு வந்தா நில்லுன்னு, நாமதான் சொல்லி வைக்கணும். என் முதல் வேலைல நான் இப்படி ஒரு ஃபைல ரெண்டு வாட்டி ஓட்டிட்டு விடிய விடிய டூப்ளிகேட்ட அழிச்சிருக்கேன், அந்த ராத்திரி இன்னும் மறக்கல.

அதனால 400 வரியும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள்ள இருக்கணும், போனா மொத்தமா போகணும், இல்லன்னா ஒண்ணுமே போகக்கூடாது. ஒண்ணு மட்டும், மைஎஸ்க்யூஎல்ல நடுவுல டேபிள் உருவாக்கற வரி வந்துச்சுன்னா அதுவரைக்கும் போனது தானா கமிட் ஆயிடும், அதாவது நிரந்தரமா பதிவாயிடும், அத தனி ஃபைலா வைக்க சொல்லுங்க. பாஸ்வேர்ட ஸ்கிரிப்ட்ல எழுதவே கூடாது.

ரெண்டு சாஃப்ட்வேரும் ஃப்ரீதான், அந்த பழைய லேப்டாப்பே போதும். நம்ம காசிமேட்டு பசங்களுக்கு யாரு ஐடி வேல குடுப்பாங்கன்னு அழுதீங்களே, அப்படி நினைக்காதீங்க, தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறினா ஐடி கம்பெனிங்க இருக்கற கிண்டில நேரா எறங்கிடலாம். இந்த ஞாயித்துக்கெழம நோட்ட டைப் பண்ணட்டும், வேணும்னே ஒரு தப்பு வச்சு ஓட்டட்டும், என்ன எரர் வந்துச்சு, எத்தன வரி உள்ள போச்சுன்னு எழுதி வச்சுட்டு புதன்கெழம என்னை வந்து பாக்க சொல்லுங்க.